போடிமெட்டு ஏறும்போது முள் ஏன் இறங்குச்சு? ஒரு பிக்கப் டேஷ்போர்டில் மீட்டர் மாட்டிய கதை

(பாட்காஸ்ட் எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு வண்டி டேஷ்போர்டைப் பற்றிப் பேசப் போறேன். இருக்கிற முள்ளுங்க போதாதுன்னு வெளியில மீட்டர் வாங்கி மாட்டுறாங்களே, அது எதுக்கு, எப்படி மாட்டணும், மாட்டினா என்ன தெரியும்னு. அதுக்கு முன்னாடி ஒரு விடியற்காலையைப் பற்றிச் சொல்லியாகணும்.

எனக்கு ஊர் போடிநாயக்கனூர், தேனி மாவட்டம். ஊரைத் தாண்டினால் முந்தல். அங்கிருந்து மலை. பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு, கேரள எல்லை. ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம், நடுவில் வண்டிக்கு ஓய்வே கிடையாது. கம்பம் பக்கம் இருக்கிறவங்களுக்கு இதே மாதிரி கம்பம்மெட்டு, இல்லைன்னா கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் வழியா குமுளி. எந்தப் பாதையில் நின்னாலும் விடியும்போது ஒரே காட்சிதான். ஏலத்தோட்ட வேலைக்குப் போற பெண்களை ஏற்றிக்கிட்டு ஜீப்புகள் வரிசையா மேலே ஏறும். ஊடாக உரம், காய்கறி, சிமென்ட் ஏற்றின பிக்கப்புகள்.

அப்படி ஒரு பிக்கப் என் சித்தப்பாவோடது. 2011 மாடல், டர்போ டீசல். அன்னைக்கு முப்பது மூட்டை உரம், ஒன்றரை டன். ஏற்றக்கூடிய அளவைவிட அதிகம்தான், மறைக்கலை. நான் லீவுக்கு வந்தவன், பக்கத்து சீட்டில் தூங்கிக்கிட்டிருந்தேன். வழியெல்லாம் டெம்பரேச்சர் முள் நடுவில் நின்னதாம். பாதி மலை தாண்டினதும் அது மெல்ல இறங்க ஆரம்பிச்சிருக்கு. சித்தப்பா என்னைத் தட்டி எழுப்பி, "முள்ளு எறங்குதுடா தம்பி, வண்டி ஆறிருச்சு"ன்னு சந்தோஷமா சொன்னார். அடுத்த வளைவில் இன்ஜின் நின்னுபோச்சு.

இன்ஜின் நின்னா என்ன ஆகும்னு சமவெளியில் ஓட்டுறவங்களுக்குச் சட்டுன்னு தோணாது. பிரேக் மிதிக்க உதவுற வேக்குவம் பம்ப் இன்ஜின் ஓடினால்தான் ஓடும். நின்ன பிறகு ரெண்டு மூணு மிதிக்குத் தேவையானதுதான் மிச்சம் இருக்கும். அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆகிடும். ஸ்டியரிங்கும் இறுகிடும். வண்டி பின்னால நகர ஆரம்பிச்சது. பின்னாடி ஒரு ஜீப், உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர். கிளீனர் பையன் குதிச்சு ஓடிப்போய் டயருக்குக் கட்டை போட்டான். ஜீப்புக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் இருந்தது. அந்த ஜீப்பில் இருந்த ஒரு அம்மா இறங்கி வந்து எங்களைத் திட்டுவாங்கன்னு பார்த்தேன். தன் தூக்குவாளியில் இருந்த தண்ணியை ரேடியேட்டருக்கு ஊத்தச் சொல்லி நீட்டினாங்க. (ஊத்தலை. கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணி ஊத்தினா ஹெட் விரிசல் விடும். மூடியைத் திறந்தாலே முகத்தில் அடிக்கும்.)

ஹெட் கேஸ்கட் போயிருந்தது, ஹெட் வளைஞ்சிருந்தது. லேத்தில் கொடுத்து ஃபேஸ் அடிச்சு, எல்லாம் சேர்த்து அறுபத்திரண்டாயிரம் ரூபாய். காரணம் என்னன்னு பார்த்தா, ரேடியேட்டர் மூடியில் ஒரு ரப்பர் வளையம் காய்ஞ்சு போயிருந்தது. அவ்வளவுதான். அந்த மூடியை நாம சும்மா தண்ணி சிந்தாம இருக்கறதுக்குன்னு நினைக்கிறோம். அது பிரஷர் குக்கர் வெயிட் செய்யுற வேலையைச் செய்யுது. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், போடிமெட்டு உயரத்தில் திறந்த பாத்திரத்தில் வைச்ச தண்ணி 95 டிகிரியை ஒட்டியே கொதிச்சிடும். மூடி இறுக்கமா இருந்து உள்ளே ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் நின்னால், 120 டிகிரி வரைக்கும் கொதிக்காது. மூடி விட்டுப்போனா, தண்ணி ஆவியாகிக் கொஞ்சம் கொஞ்சமா வெளியே போய்க்கிட்டே இருக்கும்.

சரி, முள் ஏன் இறங்குச்சு? இந்த எபிசோடே இதுக்காகத்தான். டெம்பரேச்சர் சென்சார் ஹெட்டில் தண்ணி வெளியே வர்ற வாயில் உட்கார்ந்திருக்கும். அதோட நுனி தண்ணிக்குள்ள முங்கியிருக்கிறவரை சரியாச் சொல்லும். தண்ணி மட்டம் அதுக்குக் கீழே போயிட்டா சென்சாரைச் சுற்றி வெறும் ஆவியும் காற்றும்தான். தண்ணி கடத்துற அளவுக்கு அவை சூட்டைக் கடத்தாது. அதனால இரும்பு வெந்துக்கிட்டிருக்கும்போது முள் கீழே வரும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. நம்ம வண்டிகள் பலவற்றில் அந்த முள் வேணும்னே மந்தமா வைக்கப்பட்டிருக்கு. 75 டிகிரியா இருந்தாலும் 100ஐத் தாண்டினாலும் நடுவிலேயே நிற்கும். கொஞ்சம் ஆடினா ஓட்டுறவங்க பயந்து சர்வீஸுக்கு வந்துடுறாங்கன்னு அப்படிச் செய்யுறாங்க. ஆயிலுக்கு முள்ளே கிடையாது, ஒரு சிவப்பு விளக்கு மட்டும். பிரஷர் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் அது எரியும். அமெரிக்காவில் அந்த விளக்குக்கு 'இடியட் லைட்'னே பேரு வைச்சிருக்காங்க. வேடிக்கை என்னன்னா, இரண்டாம் உலகப் போரில் ஓடின வில்லிஸ் ஜீப்பில் ஆயில் பிரஷருக்கு ஒரு முள், தண்ணிச் சூட்டுக்கு ஒண்ணு, கரன்டுக்கு ஒண்ணு, பெட்ரோலுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா இருந்தது. அந்த வம்சத்தில் வந்த ஜீப்புகள்தான் எங்க மலையில் ரொம்ப காலம் ஓடினது. டேஷ்போர்டு அழகாக ஆக, தகவல் குறைஞ்சுபோச்சு.

ஹெட் வேலை முடிஞ்ச வாரமே, மீட்டர் மாட்டலாம்னு சொன்னேன். சித்தப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது ரேஸ் வண்டிக்காரன் பண்ற வேலைடா"ன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கு. யூடியூபில் அமெரிக்கப் பிக்கப்புகளைப் பார்த்திருப்பீங்க. சூப்பர்சார்ஜர் மாட்டி, கண்ணாடி ஓரத்துத் தூணில் மூணு வட்ட மீட்டர், நீல வெளிச்சம். பார்க்க சினிமா மாதிரி இருக்கும்.

அந்த சூப்பர்சார்ஜருக்கும் நம்ம டர்போவுக்கும் வேலை ஒண்ணுதான், இன்ஜினுக்குள்ள கூடுதல் காற்றைத் திணிக்கிறது. சூப்பர்சார்ஜர் இன்ஜினிலிருந்தே பெல்ட் வழியா சுற்றும். டர்போ புகையோட வேகத்தில் சுற்றும். சுவிட்சர்லாந்து இன்ஜினியர் ஆல்ஃபிரட் பியூச்சி 1905இல் காப்புரிமை வாங்கின யோசனை அது. நம்ம சாலையில் சூப்பர்சார்ஜர் டீசலைத் தேடிப் பார்த்தாலும் கிடைக்கிறது கஷ்டம், டர்போ பெரும்பாலான டீசல் பிக்கப்பில் இருக்கு.

மலைக்கும் டர்போவுக்கும் ஆரம்பத்திலிருந்தே சம்பந்தம் உண்டு. 1918இல் ஜெனரல் எலக்ட்ரிக்கைச் சேர்ந்த சான்ஃபோர்ட் மாஸ், லிபர்ட்டிங்கிற விமான இன்ஜினை ஒரு டிரக்கில் ஏற்றி, கொலராடோவில் 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் உச்சிக்குக் கொண்டுபோனார். மெல்லிசான காற்றில் அந்த இன்ஜினோட சக்தி வெகுவாகக் குறைஞ்சது. டர்போவை இணைச்சதும் தரையில் கொடுத்த சக்தி திரும்பக் கிடைச்சது. விமானத்தில் சோதிக்கிறதுக்கு முன்னாடி மலையில் சோதிச்சாங்க. எங்க வண்டி தினம் செய்யுறது அதோட சின்ன வடிவம்னு வைச்சுக்கங்க.

இனி மாட்டுற விஷயம். தேனியில் எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு வயரிங் கடை அண்ணன் இருக்கார். அவர்கிட்ட நான் கொண்டுபோனது மூணு: சூடு, ஆயில் பிரஷர், டர்போ காற்றழுத்தம். மூணுமே 52 மில்லிமீட்டர் வட்டம், உலகம் முழுக்க இதுதான் பொதுவான அளவு. அவர் முதலில் கேட்டது, "சென்சாரை எங்க வைக்கப் போறீங்க தம்பி?" நான் கடைக்காரர் கொடுத்த மாதிரியே, ரேடியேட்டரின் மேல் ஹோஸை வெட்டி நடுவில் ஒரு அடாப்டர் வைச்சு அதில் வைக்கலாம்னேன். பெரும்பாலானவங்க செய்யுறது அதுதான், சுலபம். அவர் சிரிச்சார். "மேல் ஹோஸ்லதான் தண்ணி மொதல்ல காலியாகும். மறுபடியும் பழைய பொய்யைத்தான் புது மீட்டர்ல பாக்கப் போறீங்க."

கொஞ்சம் அவமானமா இருந்தது. நானே அனுபவிச்ச விஷயம், நானே மறந்துட்டேன். ஆயிரக்கணக்கில் செலவு பண்ணி அதே தப்பை டிஜிட்டல் எண்ணில் பார்த்திருப்பேன்.

கடைசியில் தண்ணியை விட்டுட்டு இரும்போட சூட்டையே அளக்கிற ரிங் சென்சார் வாங்கினோம். வாஷர் மாதிரி இருக்கும், ஒரு போல்ட்டுக்கு அடியில் உட்கார்ந்துக்கும். தண்ணி இருந்தாலும் இல்லைன்னாலும் ஹெட் எவ்வளவு சூடுன்னு சொல்லும். இதில் ஒரே எச்சரிக்கை, ஹெட் போல்ட்டைக் கழற்றி அதுக்கடியில் வைக்கக் கூடாது. அந்த இறுக்கம் கணக்குப் போட்டு வைச்சது. ஹெட்டோட பக்கவாட்டில் ஏதாவது பிராக்கெட்டைப் பிடிச்சிருக்கிற சின்ன போல்ட் கிடைக்கும், அங்கே போதும்.

ஆயில் பிரஷருக்கு, ஏற்கெனவே சிவப்பு விளக்குக்கான சுவிட்ச் இருக்கிற ஓட்டையில் ஒரு 'டீ' போட்டு, ஒரு பக்கம் பழைய சுவிட்ச், இன்னொரு பக்கம் புது சென்சார். விளக்கும் இருக்கணும், மீட்டரும் இருக்கணும். இங்கேதான் நிறைய பேர் இன்ஜினைக் கெடுத்துக்கிறாங்க. வெளிநாட்டு மீட்டர்களோட வர்ற சென்சாரில் மரை பெரும்பாலும் என்பிடி, எட்டில் ஒரு அங்குலத்துக்கு அங்குலத்துக்கு 27 சுற்று. நம்ம வண்டியில் பெரும்பாலும் பிஎஸ்பி, 28 சுற்று. ரெண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கையால் ரெண்டு சுற்று நல்லாவே ஏறும், அப்புறம் ஸ்பேனர் போட்டு இழுத்தா இன்ஜின் பிளாக்கோட மரை போச்சு. முப்பது ரூபாய் அடாப்டருக்குப் பதிலா பிளாக் வேலை. கையால் ஏறாத மரையை ஸ்பேனரால் ஏற்றாதீங்க. அதே மாதிரி பைப் வேலைக்காரங்க சுற்றுற வெள்ளை டேப்பையும் அங்கே சுற்றாதீங்க. ஒற்றை வயர் சென்சாருக்கு மரை வழியாகத்தான் எர்த் கிடைக்கும், டேப் அதைத் தடுத்துடும். பிஞ்ச துணுக்கு ஆயில் பாதைக்குள்ள போனா இன்னும் மோசம்.

ஆயில் குழாயையே நேரா டேஷ்போர்டு வரைக்கும் கொண்டுவர்ற மெக்கானிக்கல் மீட்டரும் விலை குறைவாக் கிடைக்கும். நான் வேண்டாம்னேன். அந்தக் குழாய் உடைஞ்சா, கொதிக்கிற ஆயில் நம்ம கால்மேல.

டர்போவுக்கு இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு சின்ன ரப்பர் ஹோஸ். டீசலில் பெட்ரோல் இன்ஜின் மாதிரி வேக்குவம் பெரிசா வராது, அதனால பூஜ்யத்தில் ஆரம்பிக்கிற மீட்டர் போதும். சூப்பர்சார்ஜ் பண்ண பெட்ரோல் வண்டியா இருந்தா பூஜ்யத்துக்குக் கீழேயும் காட்டுற மீட்டர் வாங்கணும்.

வயரிங்கில் சொல்ல அதிகம் இல்லை. சாவி போட்டால் மட்டும் வர்ற கரன்டிலிருந்து எடுக்கணும், சின்ன ஃப்யூஸ் கண்டிப்பா வேணும், வெளிச்சத்துக்குப் பார்க்கிங் லைட் வயர். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கிற தகட்டில் ஓட்டை போட்டா ரப்பர் வளையம் இல்லாமல் வயரை விடாதீங்க, ஆறு மாசத்தில் தகடு வயரை அறுத்துடும். ஏர்பேக் இருக்கிற வண்டியில் மஞ்சள் உறை போட்ட வயரைத் தொடவே வேண்டாம். லாரிக்காரங்க கேட்கிறீங்கன்னா, உங்க பேட்டரி 24 வோல்ட். பிக்கப்புக்கான 12 வோல்ட் மீட்டரை நேரா கொடுத்தா ஒரே நிமிஷம்தான்.

எங்கே மாட்டுறதுன்னு சித்தப்பாவோட ஒரு மணி நேரம் சண்டை. எனக்குத் தூணில் வேணும், யூடியூப் மாதிரி. அவர் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து தலையைத் திருப்பிக் காட்டினார். கொண்டை ஊசி வளைவில் வலது பக்கம் திரும்பும்போது அந்தத் தூணை ஒட்டித்தான் எதிரே இறங்குற பஸ் தெரியும். அங்கே மூணு வட்டத்தை வைச்சா பஸ்ஸை மறைக்கும். அவர் ஜெயிச்சார். டேஷ்போர்டு நடுவில், பீடிக்கட்டு வைக்கிற பள்ளத்தில் ஒரு தகடு வெட்டி மூணும் உட்கார்ந்தது. நீல வெளிச்சமும் போச்சு. மழைக்காலத்தில் மெட்டில் பனிமூட்டம் இறங்கும்போது அந்த நீலம் முன்கண்ணாடியில் பளிச்சுன்னு அடிக்கும், மங்கலான மஞ்சளே போதும். மீட்டர், சென்சார், கூலி எல்லாம் பதினோராயிரத்துச் சொச்சம்.

நாலு மாசம் கழிச்சு நாலாவதா ஒண்ணு சேர்த்தோம். புகையோட சூட்டை அளக்கிறது. அதுக்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஓட்டை போட்டு, 'கே' வகை தெர்மோகப்பிள்னு ஒரு கம்பியை விடணும். டர்போவுக்கு முன்னாடி வைக்கிறதுதான் சரி. பின்னாடி வைச்சா நூறு, இருநூறு டிகிரி குறைச்சலாக் காட்டும். ஆனா முன்னாடி ஓட்டை போடும்போது ஒரு இரும்புத் துகள் உள்ளே விழுந்தாலும் அது நேரா டர்போ விசிறிக்குத்தான் போகும். நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டுற விசிறி அது. டிரில் பிட்டில் கிரீஸ் தடவி, காந்தம் வைச்சு எடுத்துடலாம்னு சொல்றவங்க உண்டு. எங்க அண்ணன் மேனிஃபோல்டைக் கழற்றிக் கீழே வைச்சுத்தான் ஓட்டை போட்டார். ஒரு நாள் கூலி அதிகம், நிம்மதி.

இந்த நாலாவது மீட்டர்தான் சித்தப்பாவை மாத்துச்சு. அவர் முப்பது வருஷ டிரைவர். மலையில் மூணாவது கியரில், இன்ஜின் முனகுற அளவுக்கு மெதுவா ஏற்றுவார். ஆர்பிஎம் குறைவா இருந்தா இன்ஜின் நோகாதுன்னு அவர் நம்பிக்கை, டீசலும் மிச்சம். அன்னைக்கு அப்படி ஏறும்போது புகைச் சூடு 680ஐத் தொட்டது. நான் எதுவும் சொல்லலை. அவரே பார்த்துட்டு ரெண்டாவது கியர் போட்டார். சத்தம் கூடுச்சு, முகம் சுளிச்சார். அரை நிமிஷத்தில் முள் 570க்கு வந்துச்சு.

ஏன்னா, மூணாவது கியரில் இன்ஜின் மெதுவாச் சுற்றும்போது டர்போவும் முழுசாச் சுற்றாது. காற்று குறைவு, ஆனா சுமையை இழுக்க ஒவ்வொரு அடிக்கும் டீசல் அதிகமாப் போகும். கறுப்புப் புகை வர்றது அதனாலதான். ரெண்டாவது கியரில் காற்று கூடும், ஒரு அடிக்கு டீசல் குறையும், இன்ஜினோட சுற்றுற வாட்டர் பம்பும் ஃபேனும் வேகமாகும். பிஸ்டன் அலுமினியக் கலவை. சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகும். புகை 680 இருந்தும் பிஸ்டன் உருகலைன்னா, அடியிலிருந்து ஆயில் அதைக் குளிர வைச்சுக்கிட்டிருக்கு, சூடான காற்றும் கண நேரம்தான் படுதுங்கிறதால. அந்தக் கருணையை அரை மணி நேரம் தொடர்ந்து எதிர்பார்க்க முடியாது. மெக்கானிக்குகள் 700ஐ ஒரு எல்லையா வைச்சுக்கிறது அதுக்காகத்தான்.

மேலே போய் டீக்கடையில் நிறுத்தினதும் சாவியைத் திருப்புற பழக்கமும் போச்சு. முள் 200க்குக் கீழே வர்ற வரைக்கும் வண்டி சும்மா ஓடும், சித்தப்பா உள்ளேயே உட்கார்ந்திருப்பார். டர்போவுக்கு ஆயில் போய்க்கிட்டிருக்கணும், சட்டுன்னு நிறுத்தினா உள்ளே நிற்கிற ஆயில் கருகிடும். கிளீனர் பையன் டீயை வண்டிக்கே கொண்டுவந்துடுவான்.

நகரத்தில் இருக்கிற உங்களுக்கு இவ்வளவு வேலை தேவைப்படாம இருக்கலாம். கடந்த பத்து வருஷத்துக் கார் பெரும்பாலானவற்றில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி பிளக் இருக்கும். ஒரு புளூடூத் அடாப்டரைச் செருகினா தண்ணிச் சூடு, காற்றழுத்தமெல்லாம் போனில் எண்ணாகவே வரும். கொடைக்கானலுக்கோ ஏற்காட்டுக்கோ போகும்போது ஒருதடவை போட்டுப் பாருங்க, உங்க வண்டியோட நடு முள் எவ்வளவு தூரம் நகராம நிற்குதுன்னு தெரியும். ஒண்ணு ஞாபகம் வைச்சுக்கங்க, அந்த எண்ணும் தண்ணிக்குள்ள இருக்கிற அதே சென்சார் சொல்றதுதான். ஆயில் பிரஷர் பெரும்பாலும் அதில் வரவே வராது.

எண்ணைப் பார்க்கும்போது மற்றவங்க வண்டியோட ஒப்பிடாதீங்க. எங்க பிக்கப்பில் லோடோட பாதி மலையில் ஹெட் சூடு 98, டர்போ 14 பிஎஸ்ஐ, சூடான பிறகு ஐடிலில் ஆயில் 20. இது எங்க வண்டியோட எண். அதே இடத்தில் ஒரு நாள் 14க்குப் பதிலா 9 வந்தது, கூடவே கறுப்புப் புகை. இன்டர்கூலர் பைப்போட கிளாம்ப் தளர்ந்திருந்தது, ஸ்க்ரூ டிரைவர் வேலை. சித்தப்பா இந்த எண்களை ஒரு அட்டையில் எழுதி, சாமி படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கார்.

போன ஐப்பசியில் நடந்தது இது. நான் சென்னையில் இருந்தேன், அவர் போன் பண்ணினார். புலியூத்துப் பக்கம் ஏறிக்கிட்டிருக்கும்போது ஹெட் மீட்டர் 104 காட்டியிருக்கு. வழக்கத்தைவிட ஆறு அதிகம். கம்பெனி முள் நடுவில். இன்ஜின் சத்தத்தில் வித்தியாசமே இல்லை, டர்போ, ஆயில் எல்லாம் சரி. பழைய சித்தப்பாவா இருந்தா ஏறியிருப்பார். ஓரம்கட்டி, கட்டை போட்டு, ஆறவிட்டுக் கீழே குனிஞ்சு பார்த்திருக்கார். கீழ் ஹோஸ் கிளாம்ப்பில் சொட்டுச் சொட்டாத் தண்ணி.

"மூணு ஜீப்பு ஹாரன் அடிச்சுக்கிட்டே போச்சுடா"ன்னார். "வண்டி என்னாச்சுண்ணேன்னு ஒருத்தன் கேட்டான். ஒண்ணும் ஆகலைன்னேன். அவனுக்குப் புரியலை."